முதல் எழுத்தைத் தந்தவர்



உங்களுக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் யார் என்று கேட்டால், நீங்கள் தயங்காமல் விடை சொல்வீர்கள். கணக்கில் இருந்த அச்சத்தைப் போக்கிய ஒருவரைச் சிலர் சொல்வீர்கள். கவிதையில் நாட்டம் உண்டாக்கிய ஒருவரைச் சிலர் சொல்வீர்கள். பெயரோடு அவருடைய நடை, பேச்சு, வகுப்பில் நிகழ்ந்த சுவையான நிகழ்ச்சி ஒன்று ஆகியவற்றையும் சேர்த்தே சொல்வீர்கள். ஆனால் உங்கள் விரலைப் பிடித்து 'அ' என்னும் எழுத்தை முதன்முதலில் எழுதச் செய்தவர் யார் என்று கேட்டால் உங்கள் விடை என்ன? கல்லூரிகளுக்குப் பேசச் சென்ற இடங்களில் இவ்விரு வினாக்களையும் நான் கேட்டதுண்டு. முதல் வினாவுக்குக் கைகள் விரைந்து உயரும். இரண்டாம் வினாவுக்கு அவை பாதியிலேயே நின்றுவிடும். "டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், பெயர் தெரியாது" என்பதே பலரும் சொல்லும் விடை.

இதனை நன்றி மறத்தல் என்று சொல்லி உங்களைக் கடிந்துகொள்ள நான் வரவில்லை. இந்த மறதிக்குத் தக்க காரணம் ஒன்று உண்டு. அந்தக் காரணத்தை ஆராய்ந்தால் நம் முதல் ஆசிரியர்கள் செய்த பணி எத்தகையது என்பது விளங்கும். அவர்களுக்கு நாம் செய்ய வேண்டுவது யாது என்பதும் விளங்கும். இன்றைய பேச்சில் இவற்றையே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மூன்று அல்லது மூன்றரை வயதுக்கு முன் நிகழ்ந்தவை வளர்ந்த மனிதருக்குப் பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை என்று உளநூலார் கூறுவர். அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று ஆண்டுகளிலிருந்தும் சில துண்டுகளே எஞ்சுகின்றன. ஒரு மழை நாள், ஒரு பாட்டின் ஓசை, புதுப் பலகையின் மணம் என்று ஏதேனும் ஒன்று நிற்கும். தொடர்ச்சியாக எதுவும் நில்லாது. நாம் எழுத்துக் கற்கும் பருவம் இந்தப் பருவமே. ஆகவே அந்நாளைய முகங்கள் மங்கிப்போவதில் வியப்பில்லை.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. தெருவில் செல்லும்போது ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பார்த்துவிட்டு அதைப் படிக்காமல் இருக்க முயலுங்கள். உங்களால் இயலாது. கண் பட்ட அளவிலேயே சொல் மனத்தில் ஒலித்துவிடும். ஒரு காலத்தில் அவை வெறும் கோடுகளாகவும் வளைவுகளாகவும் தோன்றின என்பதை நினைத்துப் பார்க்கவும் நம்மால் முடிவதில்லை. படித்தல் என்பது நாம் செய்யும் செயலாக இல்லாமல், பார்வையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கண்ணாடி அணிந்தவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அதன் வழியே உலகத்தைப் பார்க்கிறான். முதல் ஆசிரியர் நமக்குத் தந்தது அத்தகைய கண்ணாடி. அவர் பணி எவ்வளவு நன்றாக முடிந்ததோ அவ்வளவுக்கு அது நம் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது. எனவே நம் மறதியே அவர் வெற்றிக்குச் சான்று எனலாம்.

மொழி தம்மிடம் வந்த நாளை மறவாமல் குறித்து வைத்த பேறு மிகச் சிலருக்கே வாய்த்தது. அவர்களுள் ஒருவர் ஹெலன் கெல்லர். 1880இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்த அவர், பத்தொன்பதாம் மாதத்தில் நோய்வாய்ப்பட்டுக் கண்ணொளியையும் செவிப்புலனையும் ஒருங்கே இழந்தார். 1887 மார்ச் 3 அன்று, இருபது வயதே ஆன ஆன் சல்லிவன் என்னும் இளம்பெண் அவருக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தார். அந்த ஆசிரியையும் பார்வைக் குறையுற்றவர். அவர் குழந்தையின் உள்ளங்கையில் விரலால் எழுத்துகளை எழுதிக் காட்டினார். குழந்தையும் அவற்றை விளையாட்டாகத் திருப்பி எழுதியது. ஆனால் அவ்வசைவுகள் பொருள்களின் பெயர்கள் என்பதை உணரவில்லை. ஏப்ரல் 5 அன்று, ஒரு கையில் குழாய்த் தண்ணீர் பாய, மறு கையில் ஆசிரியை 'தண்ணீர்' என்ற சொல்லை எழுத, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்ற உண்மை அக்குழந்தைக்குப் புலனாயிற்று. அப்போது வயது ஏழு நிரம்பவில்லை. ஆசிரியை வந்த மார்ச் மாதம் மூன்றாம் நாளைத் தம் ஆன்மாவின் பிறந்தநாளாகவே ஹெலன் கெல்லர் பிற்காலத்தில் போற்றி வந்தார். 1936இல் சல்லிவன் மறையும்வரை ஆசிரியையும் மாணவியும் பிரியவில்லை.

நம் ஒவ்வொருவர் வாழ்விலும் இத்தகைய நாள் ஒன்று இருந்தது. அவருக்கு அது நினைவில் நின்றது, நமக்கு நிற்கவில்லை. வேறுபாடு இவ்வளவே. ஆகையால் முதல் ஆசிரியரிடம் நாம் காட்டும் நன்றி நினைவிலிருந்து எளிதில் பிறவாது; அறிவிலிருந்துதான் பிறக்க வேண்டும். அவர் என்ன செய்தார் என்பதை நாம் ஆராய்ந்து அறிந்துகொள்ள வேண்டும்.

அவர் செய்தவற்றுள் எழுத்துக் கற்பித்தல் பிந்தியதே. தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு அழுதுகொண்டு வரும் குழந்தைக்கு, 'தாய் போனாலும் திரும்பி வருவாள். அதுவரை இந்த இடமும் உன் இடந்தான்' என்ற நம்பிக்கையை ஊட்டுவதே முதற்பாடம். அடுத்த குழந்தை பேசும்போது கேட்டிருத்தல், தன் முறை வரும்வரை காத்திருத்தல், கையிலிருப்பதைப் பகிர்ந்து கொடுத்தல் ஆகியவை அடுத்த பாடங்கள். களிமண்ணை உருட்டுவதும், மணி கோப்பதும், கோலத்தின் மேல் விரல் ஓட்டுவதும் நமக்கு விளையாட்டாகத் தோன்றின. ஆசிரியைக்கோ, எழுதுகோலைப் பற்றப்போகும் சிறு விரல்களுக்கு உறுதியூட்டும் பயிற்சி அவை.

எண்ணைக் கற்பிப்பதும் அவ்வளவு எளிதன்று. ஐந்து புளியங்கொட்டை, ஐந்து மாம்பழம், ஐந்து முறை கைதட்டல் ஆகிய மூன்றிலும் பொதுவானது என்ன? கண்ணுக்கு ஒன்றுமில்லை. நிறம் வேறு, வடிவம் வேறு. கைதட்டலைக் கையில் எடுக்கவே முடியாது. இவற்றுக்கெல்லாம் பொதுவாய் நிற்கும் 'ஐந்து' என்னும் கருத்தைக் குழந்தையின் உள்ளத்தில் தோற்றுவிப்பவர், கணிதத்தின் தலைவாயிலைத் திறந்து விடுகிறார். பின்னர் நாம் கற்கும் இயற்கணிதமும் நுண்கணிதமும் அந்த வாயிலின் வழியே வந்தவைதாம்.

இனி எழுத்துக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். குழந்தையின் நிலையில் நின்று பாருங்கள். எழுத்துகளை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும் என்று இப்போதுதான் அதற்குச் சொல்லியிருக்கிறோம். 'கா' என்பதில் கால் பின்னால் வருகிறது, அது சரி. 'கி' என்பதில் குறி மேலே வளைகிறது. 'கு' என்பதில் கீழே வளைகிறது. அதே உகரம் 'சு' என்பதில் வேறு வடிவம் கொள்கிறது. 'கெ' என்று வந்தாலோ, காதில் ககர ஒலி முந்தி ஒலிக்க, கண்ணுக்குக் கொம்பு முந்தி நிற்கிறது. 'கொ' என்பதில் எழுத்தின் முன்னும் பின்னும் குறிகள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. இவ்வளவையும் ஓர் ஐந்து வயதுக் குழந்தை கடந்து வர வேண்டும்.

ஒலியிலும் சிக்கல் உண்டு. 'பல்' என்பதிலும் 'தம்பி' என்பதிலும் எழுதப்படுவது ஒரே பகரமே, ஒலி வேறு. 'கல்', 'தங்கம்', 'அகம்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாய் ஒலிக்கிறது. ஓர் எழுத்தைச் சொல்லின் முதலில் வைத்துப் படத்தோடு காட்டலாம் என்றால், ண, ள, ழ, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதே இல்லை. இவற்றுக்கெல்லாம் இலக்கணம் விதி சொல்லும். அவ்விதியைக் குழந்தையிடம் சொல்ல இயலுமா? ஆசிரியை விதியைச் சொல்லவில்லை. எழுதுவதற்கு எளிய 'ட', 'ப' போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினார், பாட்டாகப் பாடினார், கதையாகச் சொன்னார், தவறாக ஒலித்த குழந்தையின் வாயைத் தம் வாயைப் பார்க்கச் செய்து, நாவை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். நூறு முறை அலுக்காமல் காட்டினார். இவ்வளவையும் ஒரு குழந்தைக்கு மட்டும் செய்யவில்லை; ஒரே அறையில் இருபது முப்பது குழந்தைகளுக்குச் செய்தார்.

அவருடைய குரல் நம்மிடம் முற்றிலும் மறைந்துவிட்டதா? இல்லை. தொலைபேசியில் ஒருவர் பெயரைக் கேட்டு எழுதும்போது, "இரண்டு சுழி 'ன'வா, மூன்று சுழி 'ண'வா?" என்று கேட்கிறோம். "சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?" என்று கேட்கிறோம். தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று இலக்கணம் வகுத்த பெயர்கள் கற்றவர் வாயிலும் அருகியே வருகின்றன. சுழிகளை எண்ணிக் காட்டியவரின் சொற்களே முனைவர் பட்டம் பெற்றவர் வாயிலும் வருகின்றன. நானும் 'ண' எழுதும்போது இன்றும் மனத்துக்குள் சுழிகளை எண்ணுகிறேன். எண்ணக் கற்றுக்கொடுத்தவரின் முகம் எனக்கு நினைவில்லை. எண்ணும் பழக்கம் மட்டும் கையில் இருக்கிறது. மறந்துபோனதெல்லாம் மறைந்துபோனதாகாது.

இவ்வுண்மையை அண்மைக்கால ஆராய்ச்சி ஒன்றும் உறுதி செய்திருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985ஆம் ஆண்டு தொடங்கி நான்கு ஆண்டுகள் ஒரு பெரிய சோதனை நடைபெற்றது. 79 பள்ளிகளில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்து அனுப்பினர். அக்குழந்தைகள் வளர்ந்து ஏறத்தாழ இருபத்தேழு வயது அடைந்த பின் அவர்கள் நிலையைப் பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். மழலையர் வகுப்பில் நல்ல கற்பித்தலைப் பெற்ற குழந்தைகள் அவ்வாண்டில் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். சில ஆண்டுகளில் அந்த வேறுபாடு தேர்வு மதிப்பெண்களில் தேய்ந்து மறைந்தது. அத்துடன் ஆராய்ச்சியை நிறுத்தியிருந்தால், முதல் ஆசிரியரால் நிலைத்த பயன் இல்லை என்றே முடிவு கட்டியிருப்பர். ஆனால் வளர்ந்த பின் அவர்கள் ஈட்டும் பொருளில் அவ்வேறுபாடு மீண்டும் தலைகாட்டியது. இடையிலே அது எங்கே இருந்தது? முயற்சி, முன்வந்து செய்தல், வகுப்பில் பிறருக்கு இடையூறின்றி இருத்தல் முதலிய பண்புகளில் அது தங்கியிருந்தது என்று அவ்வறிஞர்கள் கண்டனர். ஆற்று நீர் வற்றிய கோடையிலும் மணலுக்கடியில் ஊற்று இருப்பது போன்றது இது.

இத்தகைய பணியைச் செய்தவர்களை வரலாறு எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது? நம் சென்னையிலேயே நிகழ்ந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் விடுதியின் பள்ளியை நடத்தும் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் காலை குதிரைமேல் செல்லும்போது, நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். தாளும் மையும் வேண்டாத அந்த முறை அவரைக் கவர்ந்தது. தம் பள்ளியிலும் அதை நடத்த முயன்றார். உதவி ஆசிரியர் அதற்கு இசையவில்லை. அப்போது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு சிறிய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கச் செய்தார். முயற்சி வென்றது. கற்ற மாணவன் கல்லாத மாணவனுக்குக் கற்பிக்கும் அம்முறையைப் பற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். சட்டாம்பிள்ளையை வைத்துப் பாடம் சொல்லும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் நெடுநாளாய் இருந்ததே. எனினும் அது 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது. எண்ணற்ற ஏழைக் குழந்தைகள் அதனால் எழுத்தறிந்தனர்.

1832இல் மறைந்த பெல், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் அவருடைய பிறந்த ஊராகிய செயின்ட் ஆண்ட்ரூசில் எழுந்த பள்ளி 'மதராஸ் கல்லூரி' என்றே பெயர் பெற்றது. பெல்லின் பெயர் நின்றது. சென்னையின் பெயரும் நின்றது. அன்று காலை அந்தப் பிள்ளைகளுக்கு முன் மணலைப் பரப்பி எழுதக் கற்பித்திருந்த ஆசிரியரின் பெயர் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாட்டின் கல்வியையே மாற்றிய காட்சிக்கு உரியவர் அவர். தம் பள்ளியைக் கடந்து ஒருவர் குதிரையில் போனதைக்கூட அவர் கவனித்திருக்க மாட்டார். பிள்ளைகளின் விரல்களையே அவர் கவனித்துக்கொண்டிருந்திருப்பார்.

அவரைப் போன்றவர் பல்லாயிரவர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கணக்கில் 12,498 நாட்டுப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 1,88,000 பேர் பயின்றனர். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் நடந்த பள்ளிகள் அவை. ஆசிரியருக்குச் சிறு காசும் தானியமும் திருநாட் காணிக்கையுமே ஊதியம். அந்தத் திண்ணை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாய் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெண் குழந்தைகள் மிகச் சிலரே அதில் ஏறினர். தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்துக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது எட்டாத உயரமாகவே இருந்தது. இன்று உங்களில் பலருடைய குடும்பங்களில், தாத்தாவுக்கும் பாட்டிக்கும் முதல் எழுத்தைத் தர ஒருவரும் வரவில்லை. உங்கள் முதல் ஆசிரியை அந்த நெடிய வறுமையை முடித்து வைத்தவர் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்வியைப் பற்றிப் பேசிய பெரியோரும் இந்த முதற்படியை அதிகம் பேசவில்லை. பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டு அழகாகக் கூறுகிறார். அந்த ஆசிரியரிடம் பாடம் கேட்க வருபவனோ எழுத்தை முன்பே அறிந்தவன். அவனுக்கு எழுத்தறிவித்தவர், நூல் தொடங்குமுன்பே தம் பணியை முடித்துவிட்டு விலகிவிட்டார்.

முதற்பருவக் கல்வியைத் தனிக்கலையாக வளர்த்தவர்கள் பின்னர்த் தோன்றினர். ஜெர்மனியில் 1837இல் பிரோபெல் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதற்குக் 'குழந்தைகளின் பூங்கா' என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயரையும் சூட்டினார். இத்தாலியில் மருத்துவராகிய மரியா மாண்டிசோரி 1907இல் உரோமை நகரின் ஏழையர் பகுதியில் தம் முதற்பள்ளியைத் திறந்தார். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, குழந்தைகள் அவற்றின்மேல் விரலை ஓட்டி உணருமாறு செய்தார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டமையால் 1946வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர் பலருக்குப் பயிற்சியளித்தார். விரலால் மணலில் எழுதிப் பழகிய நாட்டுக்கு, விரலால் மணற்பரப்பைத் தொட்டு உணரும் கல்வி வந்து சேர்ந்தது. கண்ணும் செவியும் அறிவதற்கு முன் விரல் அறிகிறது என்ற உண்மையை, பெயர் தெரியாத திண்ணை ஆசிரியரும் உலகப் புகழ் பெற்ற மருத்துவரும் தனித்தனியே கண்டிருந்தனர்.

இன்று நம் நாட்டில் மிகப் பல குழந்தைகளுக்கு முதல் ஆசிரியையாக இருப்பவர் அங்கன்வாடிப் பணியாளரே. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 முதல் அம்மையங்களின் குழந்தைகளுக்குச் சத்துணவும் கிடைத்தது. பணியாளர் பாட்டும் கதையும் சொல்கிறார், குழந்தையின் எடையைப் பார்த்துக் குறிக்கிறார், தடுப்பூசி நாளை வீடு வீடாகச் சென்று நினைவூட்டுகிறார், கருவுற்ற தாய்மாரைக் கவனிக்கிறார், பதிவேடுகளை எழுதுகிறார். இத்தனையும் செய்பவர் அரசுக் குறிப்புகளில் 'ஆசிரியர்' எனப்படுவதில்லை, 'பணியாளர்' எனப்படுகிறார். மைய அரசு அவருக்கென வழங்குவதற்கு 'மதிப்பூதியம்' என்று பெயர். மதிப்பு என்ற சொல் பெயரில் இருக்கிறது, தொகையோ சிறியது.

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், குசராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு முன்பருவப் பள்ளி நடத்துதல் கல்விப் பணியே என்றும், கற்பிப்பவர்கள் இப்பெண்களே என்றும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. திட்டம் தொடங்கி நாற்பத்தாறு ஆண்டுகள் கடந்த பின், 'இவர் கற்பிப்பவர்' என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் ஆசிரியர் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதையும் நம் காலத்திலேயே கண்டோம். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே காணாமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தைகள் ஊர்தோறும் இருந்தனர். மேல்வகுப்பு மாணவர் நூலைப் படித்தும் திரையைப் பார்த்தும் ஒருவாறு கற்றனர். எழுத்தறியாத குழந்தைக்கு நூலும் உதவவில்லை, திரையும் போதவில்லை. விரலைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. அக்குறையைத் தீர்ப்பதற்கென்றே மாலை நேர வகுப்புகளும், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை உள்ள குழந்தைகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பின்னர் வகுக்கப்பட்டன.

இனி, நாம் செய்ய வேண்டுவது யாது? திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில் உதவியின் பெருமையை மூன்று வகையில் அளந்து காட்டுகிறார். நாம் முன்பு ஒன்றும் செய்யாதிருக்க நமக்குச் செய்தது ஒன்று. உற்ற காலத்தில் செய்தது ஒன்று. திரும்ப வருவதை எண்ணிப் பாராமல் செய்தது ஒன்று. நம் முதல் ஆசிரியரின் உதவி இம்மூன்றும் சேர்ந்தது. ஐந்து வயதில் நாம் அவருக்கு முன்னதாக என்ன செய்திருக்க முடியும்? அவர் கொடுத்த காலத்தினும் உற்ற காலம் வேறு உண்டோ? நாம் அவர் பெயரையும் மறந்துவிடுவோம் என்று தெரிந்தும் அன்றோ அவர் கொடுத்தார்?

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று ஆசிரியர் நாளைக் கொண்டாடுகிறோம். கல்லூரி ஆசிரியருக்கு மாலையும் வாழ்த்தும் கிடைக்கின்றன, அது நன்று. அந்நாளில் உங்கள் முதல் ஆசிரியரையும் தேடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெற்றோரைக் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் அந்தப் பள்ளிக்கோ மையத்துக்கோ சென்று கேளுங்கள். காலம் தாழ்த்த வேண்டா. நாம் பட்டம் பெற்று, வேலை தேடி, குடும்பம் அமைத்து, நம் குழந்தையை முதன்முதலாகப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் நாளில்தான் அவருடைய அருமை பலருக்கும் விளங்குகிறது. அதற்குள் அவர் முதுமை எய்தியிருப்பார், மறைந்தும் போயிருக்கலாம்.

கண்டால் என்ன சொல்வது என்று கலங்க வேண்டா. உங்களை அவருக்கு அடையாளம் தெரியாமலிருக்கலாம். அவர் கையில் ஆயிரம் குழந்தைகள் தவழ்ந்து சென்றிருக்கிறார்கள். "இன்ன ஆண்டில் உங்களிடம் எழுதக் கற்றேன், இப்போது இன்னது படிக்கிறேன்" என்று சொன்னால் போதும். விதைத்தவர் அறுவடையைக் காண்பது மற்றத் தொழில்களில் இயல்பு. முதல் ஆசிரியர் மட்டும் விதைத்து விதைத்து அனுப்பிவிடுகிறார்; விளைந்ததைக் காண்பதே இல்லை. விளைந்த கதிர் ஒன்று தானே நடந்து வந்து அவர் வாசலில் நின்றால், அதைவிட அவருக்கு வேறு பரிசு வேண்டியதில்லை.

ஆயினும் தனி ஒருவரின் நன்றியோடு இது முடிந்துவிடலாகாது. உங்களில் சிலர் நாளை அதிகாரிகளாவீர்கள், சிலர் சட்டம் இயற்றும் இடத்துக்கும் செல்வீர்கள், எல்லோரும் வாக்களிப்பீர்கள். கற்பிக்கும் வயது குறையக் குறைய ஆசிரியரின் ஊதியமும் மதிப்பும் குறைய வேண்டும் என்பது நம் நாட்டில் எழுதப்படாத சட்டமாய் இருந்து வருகிறது. அடித்தளம் இடுபவனுக்குக் குறைவாகவும் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுபவனுக்கு மிகுதியாகவும் கூலி கொடுப்பது போன்றது அது. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நாமே பழமொழி சொல்கிறோம். ஐந்தில் வளைத்தவர்க்கு என்ன கொடுத்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் தலைமுறையாக நீங்கள் இருக்க வேண்டும். உங்களுள் ஒருவர் மழலையர்க்குக் கற்பிக்க விரும்பினால், 'இவ்வளவு படித்தும் இந்த வேலைக்கா?' என்று யாரும் அவரைக் கேட்காத நாள் வர வேண்டும்.

இந்தப் பேச்சை நீங்கள் நூலிற் படிக்க நேர்ந்தால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இதிலுள்ள கொம்பும் காலும் சுழியும் புள்ளியும் உங்கள் கண்ணில் தடையின்றிப் பொருளாகி வருகின்றன. அவற்றை அவ்வாறு ஆக்கித் தந்தவர் ஒருவர் இருக்கிறார். இந்த வாரத்துக்குள் அவர் பெயரைக் கேட்டு அறிந்து, உங்கள் நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதும்போது சுழிகளைச் சரியாக இடுங்கள்.